மதம் இல்லாதவருக்கும் மனச்சாட்சி உண்டு

(இராமநாதபுரத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

இன்றைய தலைப்பைக் கொடுத்தவர் உச்சிப்புளியிலிருந்து வந்திருக்கும் ஒரு கல்லூரி மாணவர். "அண்ணே, சாமி இல்லைன்னு சொல்றதும் ஒரு மதம்தானே? கடவுளை விட்டுட்டு மனிதநேயம்னு பேசுறதும் ஒரு மதம்தானே?" என்று கேட்டார். இது சண்டைக்குக் கேட்ட கேள்வி இல்லை. பலர் மனதுக்குள் வைத்திருப்பதை அவர் வாய்விட்டுக் கேட்டார், அவ்வளவுதான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாத்திகம் மதம் அல்ல. கடவுளைச் சாராத மனிதநேயம் மதத்துக்கு நெருக்கமாக வரும், ஆனாலும் அதுவும் மதம் அல்ல. அப்படியிருந்தும், ஒரு பக்தருக்குச் சட்டம் என்ன பாதுகாப்புத் தருகிறதோ அதில் ஒரு துளிகூடக் குறையாமல் நம்பாதவருக்கும் தர வேண்டும். மதமா இல்லையா என்பது ஒரு கேள்வி. பாதுகாப்பு உண்டா இல்லையா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் எல்லாத் தகராறும் வருகிறது.

நம் கரையில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். இராமேசுவரத்தில் தீர்த்தமாட நாடெங்கிலுமிருந்து வருகிறார்கள். தேவிபட்டினத்தில் கடலுக்குள்ளேயே நவக்கிரகக் கற்களான நவபாஷாணம் நிற்கிறது. ஓரியூரில் கிறித்தவப் புனிதர் அருளானந்தர் ஆலயம். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூட்டு விழாவுக்கு எல்லா மதத்தாரும் போகிறார்கள். இத்தனை நம்பிக்கைகள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்வது பெரிய விஷயம், அதை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் இங்கே ஒருவர் "எனக்கு மதம் இல்லை" என்றால் அடுத்த கேள்வி உடனே வரும்: "சரி, நீங்க எதுல சேர்த்தி?" எதிலாவது சேர்த்தால்தான் கேட்டவருக்கு நிம்மதி. 'நாத்திகமும் ஒரு மதம்' என்ற பேச்சில் பாதி அந்த நிம்மதிக்காகப் பிறப்பது என்று நினைக்கிறேன்.

கடவுள் இருந்தால் மதம், இல்லாவிட்டால் மதம் இல்லை என்று கோடு போட முடியாது. சமணமும் பௌத்தமும் உலகைப் படைத்த ஒரு கடவுளை ஏற்பதில்லை, அவற்றை மதம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. 1954இல் சீரூர் மடம் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமே, மதம் என்றால் கடவுள் நம்பிக்கை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று இந்த இரண்டையும் எடுத்துக்காட்டிச் சொன்னது. எனவே 'கடவுள் இல்லை என்கிறான், அதனால் அவனுக்கு மதம் இல்லை' என்பதும் அவசரமான முடிவுதான்.

தமிழில் இந்த விவாதம் மிகப் பழையது. மணிமேகலை வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயவாதியாகப் போய்க் கேட்கிறாள். வேதவாதி, ஆசீவகர், நிகண்டர், சாங்கியர் என்று வரிசையாகப் போய் கடைசியில் பூதவாதியிடம் வருகிறாள். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்தால் களிப்புப் பிறப்பது போல, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது, கண்ணால் கண்டதே மெய் என்கிறார் அவர். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை திருப்பிக் கேட்கிறாள். சைவ ஆசிரியர் அருள்நந்தி சிவாசாரியார் பிற சமயங்களை மறுக்கும் பரபக்கமும், கண்டதே மெய் என்ற உலகாயதரின் வாதத்திலிருந்தே தொடங்குகிறது. மறுப்பதற்காகத்தான் எடுத்துக்கொண்டார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் மறுப்பதற்கு முன் அவர்கள் கட்சி என்ன என்பதைச் சொல்லிவிட்டு மறுத்தார்கள். நம்பாதவரை வாதிடத் தகுந்த ஆளாக மதித்த அந்தப் பண்பு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அப்படியானால் நாத்திகம் என்னதான்? ஒரே ஒரு கேள்விக்கான ஒரு பதில். கடவுள் உண்டா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவ்வளவோடு முடிந்தது. எப்படி வாழ வேண்டும், யாரை மணக்க வேண்டும், இறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அது எதுவும் சொல்லாது. கார்ல் மார்க்ஸ் நாத்திகர். மார்க்ஸ் சொன்ன பொருளாதாரத்தைக் கடைசிவரை எதிர்த்த அயன் ராண்டும் நாத்திகர். அந்த இரண்டு பேரையும் ஒரே மதத்தில் சேர்த்தால் அந்த மதத்துக்குள் என்ன மிஞ்சும்?

மனிதநேயம் அப்படி இல்லை. அதற்கு உள்ளடக்கம் உண்டு, ஒழுக்கம் உண்டு. சில இடங்களில் திருமணமும் இறுதிச் சடங்கும் நடத்தும் அமைப்புகள்கூட உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஓகுஸ்த் கோம்த் 'மானுட மதம்' என்றே ஒன்றைத் தொடங்கினார். புனிதர்களுக்குப் பதிலாகப் பெரியோர் பெயர்களை வைத்து 13 மாத நாட்காட்டியே போட்டார். 1933இல் அமெரிக்காவில் 34 பேர் கையெழுத்திட்ட மனிதநேய அறிக்கையும் தன்னை மதம் சார்ந்த மனிதநேயம் என்றுதான் சொல்லிக்கொண்டது. கையெழுத்திட்டவர்களில் தேவாலயப் போதகர்களும் இருந்தார்கள். ஆக, மாணவர் கேட்டது காற்றில் வந்த சந்தேகம் இல்லை, அதற்கு வரலாறு இருக்கிறது. பிறகுதான் நிலைமை மாறியது. 1952இல் ஆம்ஸ்டர்டாமில் உலக மனிதநேயச் சங்கங்கள் கூடின. 1980இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் பால் கர்ட்ஸ் எழுதிய அறிக்கை மதச்சார்பற்ற மனிதநேயம் என்று பிரித்தே சொன்னது.

மனிதநேயம் மதம் இல்லை என்று நான் சொல்ல ஏர்வாடி ஒரு பெரிய காரணம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே தனியார் நடத்திய ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் எழுந்து ஓட முடியாமல் கருகிப் போனார்கள். குணமாகும் என்று நம்பிக் குடும்பத்தார் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். அந்தக் குடும்பங்களின் நம்பிக்கையை நான் ஒருநாளும் இழிவாகப் பேச மாட்டேன். மருத்துவமனை எட்டாத இடத்தில் தர்காதான் அவர்களுக்குக் கிடைத்த கதவு. ஆனால் ஒரு மனிதரைச் சங்கிலியில் கட்டலாமா என்ற கேள்வி எந்த மதத்தையும் விட மூத்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. பின்னாளில் தர்காவிலேயே மனநல மருத்துவர்களை உட்கார வைத்து, மருந்தும் துஆ என்ற வேண்டுதலும் சேர்ந்தே கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். அங்கே யாரும் தொழுகையை விடச் சொல்லவில்லை. சங்கிலியை விடச் சொன்னார்கள். இதைத் தொழுகிறவர் ஏற்கலாம், கோயிலுக்குப் போகிறவர் ஏற்கலாம், எதையும் நம்பாத நானும் ஏற்கலாம். ஒருவர் தம் மதத்தை விடாமலே ஏற்கக்கூடிய இதை இன்னொரு மதம் என்று எப்படிச் சொல்வது?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், இந்த வழக்குகள் அதிகம் நடந்த இடம் அமெரிக்கா. மேரிலாந்து மாநிலத்தில் ராய் டோர்காசோ என்பவருக்கு நோட்டரி பதவி மறுத்தார்கள். கடவுள் உண்டு என்று அவர் அறிக்கை செய்யவில்லை என்பதுதான் காரணம். 1961இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்பின் ஓர் அடிக்குறிப்பில், கடவுள் நம்பிக்கையைப் போதிக்காத மதங்கள் என்று பௌத்தம், தாவோயிசம் இவற்றோடு மதச்சார்பற்ற மனிதநேயத்தையும் நீதிபதி ஹ்யூகோ பிளாக் சேர்த்துவிட்டார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தது அடுத்த கலகம். அலபாமாவில் 1987இல் ஒரு மாவட்ட நீதிபதி, பள்ளிப் பாடங்களில் கடவுள் இல்லை, ஆகவே மனிதநேய மதத்தைப் போதிக்கிறார்கள் என்று 44 பாடப்புத்தகங்களைத் தடை செய்தார். அதே ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையைத் தூக்கி எறிந்தது.

நம் ஊர்க் கதைக்கு வாருங்கள். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். 3ஆம் எண் ஏற்றினால் இன்ன பொருள் என்று தங்கச்சிமடத்துக்காரருக்கும் தெரியும், மண்டபத்துக்காரருக்கும் தெரியும். வானிலை அறிக்கையில் கடவுள் பெயர் கிடையாது. அதனால் அது நாத்திகப் பிரசாரம் ஆகிவிடுமா? அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் கடலுக்குப் போகிறவரும் கூண்டைப் பார்த்துப் படகைக் கட்டிவைக்கிறார். கடவுளைப் பற்றிப் பேசாமல் இருப்பது வேறு, கடவுள் இல்லை என்று போதிப்பது வேறு. பள்ளியில் உயிரியல் பாடம் முதல் வகை. அதை நீக்கச் சொல்வதற்காக 'மனிதநேயமும் மதமே' என்று யாராவது வந்தால், பெற்றோர்களே, ஏமாந்துவிடாதீர்கள்.

அதே அமெரிக்காவில் 2005இல் விஸ்கான்சின் சிறைக் கைதி ஒருவர், நாத்திகர்கள் கூடிப் படிக்க ஒரு குழு வைக்க அனுமதி கேட்டார். நீங்கள் மதக் குழு இல்லையே என்று சிறை நிர்வாகம் மறுத்தது. மத உரிமை என்று வரும்போது நாத்திகத்தையும் மதத்துக்குச் சமமாக வைத்தே பார்க்க வேண்டும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். இந்தத் தீர்ப்பை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். பாடப்புத்தகத்தைப் பிடுங்க வந்தபோது 'மனிதநேயமும் மதமே' என்ற பேச்சு எடுபடவில்லை. மனச்சாட்சியைக் காக்க வந்தபோது மதத்துக்குள்ள காவல் நாத்திகத்துக்கும் உண்டு. இதில் முரண் ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஐ.நா.வின் மனித உரிமைக் குழுவும் 1993இல் இதையே சொன்னது: கடவுளை ஏற்கும் நம்பிக்கை, ஏற்காத நம்பிக்கை, நாத்திகம், எந்த மதமும் வேண்டாம் என்று இருக்கும் உரிமை, நான்குக்கும் ஒரே பாதுகாப்பு.

நம் அரசியலமைப்பு இதில் தெளிவாகவே இருக்கிறது. 1949 அக்டோபர் 17 அன்று, முகவுரை 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 41, எதிர்ப்பு 68, தோற்றுப்போனது. எதிர்த்தவர்களில் ஆழ்ந்த பக்தர்களும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 25ஆவது பிரிவு மதச் சுதந்திரத்துக்கு முன்னால் மனச்சாட்சிச் சுதந்திரத்தை வைக்கிறது. 1976இல் சேர்த்த 51அ பிரிவோ அறிவியல் மனப்பான்மையும் மனிதநேயமும் ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. மதச்சார்பற்ற அரசு ஒரு மதத்தை எல்லார் மீதும் கடமையாகச் சுமத்த முடியாது. அப்படியானால் மனிதநேயத்தை நம் அரசியலமைப்பு மதமாகக் கருதவில்லை என்றுதானே பொருள்?

முகவுரையை விட்டு அன்றாடச் சட்டத்துக்குள் வந்தால் தெளிவு போய்விடுகிறது. 1967இல் அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது, பெரிய சாதனை. ஆனால் அது இந்துத் திருமணச் சட்டத்தின் 7அ பிரிவு, இரண்டு இந்துக்களுக்கு மட்டும்தான். முஸ்லிம், கிறித்தவர், பார்சி, யூதர் அல்லாத எல்லாரையும் அந்தச் சட்டம் இந்துவாகவே கணக்கில் வைக்கும். புரோகிதர் வேண்டாம், தாலியும் வேண்டாம் என்று மாலை மாற்றிக்கொண்டவரும் இந்து. கீழக்கரையில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து மதத்தை விட்ட ஒரு பையனும் தங்கச்சிமடத்தில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து மதத்தை விட்ட ஒரு பெண்ணும் மணக்க வேண்டுமானால் அந்த வழி நடைமுறையில் அடைபட்டிருக்கிறது. சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி 30 நாள் அறிவிப்பை ஒட்டிவைத்துக் காத்திருக்க வேண்டும். சின்ன ஊரில் அந்த அறிவிப்பு என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். சொத்துரிமையிலும் இதே கதைதான். இஸ்லாத்தில் நம்பிக்கை இழந்த கேரளப் பெண் ஒருவர், தனக்கு ஷரீஅத் வாரிசுச் சட்டம் வேண்டாம், பொதுவான வாரிசுச் சட்டம் பொருந்தட்டும் என்று கேட்ட மனுவை 2024இல் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்தது.

இதெல்லாம் வெறும் காகிதப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். 2013இல் புனேயில், மூடநம்பிக்கையை எதிர்த்துப் போராடிய நரேந்திர தாபோல்கர் காலை நடைக்குப் போனபோது சுட்டுக் கொல்லப்பட்டார். 2017இல் நம் கோவையிலேயே, மதத்தை விட்டு விலகி நாத்திகம் பேசிய ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த இளைஞருக்குக் குழந்தைகள் இருந்தார்கள். நாத்திகம் மதமா என்று நாம் நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கும் இந்த நாட்டில்தான் இதுவும் நடந்தது.

இடையில் ஒரு பெரியவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். பெரியார் சிலைக்கு மாலை போடுகிறீர்களே, அது மட்டும் என்ன என்கிறார். ஐயா, நன்றிக்குப் போடும் மாலை வழிபாடு ஆகாது. ஆனால் உங்கள் கேள்வியில் உள்ள எச்சரிக்கையை ஏற்கிறேன். ஒரு தலைவர் சொன்னதை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்ற நிலை எங்கள் மேடையில் வருமானால், அன்றைக்கு நீங்கள் எங்களை மதம் என்று அழைக்கலாம், நான் மறுக்க மாட்டேன். நான் சொல்வதை உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னவர் பெரியார். அவர் பெயரைச் சொல்லிக் கேள்வியை அடைப்பது அவருக்குச் செய்யும் துரோகம்.

இன்னொரு கேள்வி சாவைப் பற்றி. முஸ்லிம்களின் மையவாடி ஜமாஅத்துடையது, கல்லறைத் தோட்டம் தேவாலயப் பங்குக்கு உரியது, சுடுகாட்டில் சாதிக்கொரு மேடை. எதிலும் சேராதவர் எங்கே போவார்? நம்மூரிலேயே 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. உடல் தானம் ஒரு நல்ல வழி, உயிரோடு இருக்கும்போதே எழுதி வைத்து, வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கடைசி நேரத்தில் வீட்டார் மறுத்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்காக, அழ வேண்டாம், கூட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். உறவு கூடட்டும், இறந்தவரைப் பற்றி நாலு பேர் பேசட்டும், பாட்டுப் பாடட்டும். இதையெல்லாம் மதங்கள் நன்றாகச் செய்கின்றன. நாமும் செய்தால் மதமாகிவிடுவோமோ என்று கூச்சப்படத் தேவையில்லை. நார்வேயில் மனிதநேயச் சங்கம் பல பத்தாண்டுகளாகச் சடங்குகள் நடத்துகிறது, தேவாலயங்களைப் போலவே அதற்கும் அரசு நிதி கிடைக்கிறது.

கடைசியாக ஒன்று. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. 2011இல் மதம் குறிப்பிடாதவர்கள் என்று பதிவானது சுமார் 29 லட்சம் பேர், நாட்டு மக்கள்தொகையில் கால் சதவீதம்கூட இல்லை. உண்மையில் அவ்வளவுதானா என்றால் நான் நம்பவில்லை. வீட்டுக்கு வருபவர் பெயரைக் கேட்டதும் மதத்தைத் தாமே நிரப்பிக்கொண்டு போய்விடலாம். உங்களுக்கு மதம் உண்டென்றால் பெருமையாகச் சொல்லுங்கள். இல்லை என்றால் 'இல்லை' என்று சொல்லுங்கள், பதிவு செய்ததை உங்கள் முன்னால் படித்துக் காட்டவும் கேளுங்கள்.