எழுதிக் கொடுத்தவருக்கு என் வணக்கம்

பெரியோர்களே, தாய்மார்களே, மழையையும் பார்க்காமல் லைன் என்கிற தோட்டக் குடியிருப்பு வரிசைகளிலிருந்து நடந்தே வந்திருக்கும் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

விழாவுக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியை அவர்களே, கூடலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி கொளப்பள்ளிக்கு வந்து சேர்ந்த நூலகர் ஐயா அவர்களே, வார்டு உறுப்பினர் அவர்களே, என்றைக்கும் தனித்தனிக் கொடி பிடித்தாலும் இன்று ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும் மூன்று தொழிற்சங்கத்துப் பெரியவர்களே, உங்களுக்கெல்லாம் என் நன்றி. பந்தல் போட்ட தம்பிகளுக்கும், காலையிலிருந்து அடுப்படியை விட்டு நகராத மகளிர் குழுத் தாய்மார்களுக்கும் நன்றி. விழா முடிந்து நம்மை வீடுவரை கொண்டுபோய் விடுவதற்காகக் காத்திருக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்குத் தனி வணக்கம். அவர்கள் இல்லாவிட்டால் யானை நடமாடும் இந்த நேரத்தில் இங்கே கூட்டம் போட முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நடுவில் அமர்ந்திருக்கும் நம் அம்மா அவர்களே. எழுபத்தைந்தைத் தாண்டிய உங்களைப் பாராட்ட எனக்கு வயதில்லை, வணங்குகிறேன்.

அம்மாவின் படிப்பு, உழைப்பு, தொண்டு என்று மூன்றைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். எந்த மேடை ஏறினாலும் இதை நான் சொல்வேன் என்பது உங்களுக்குத் தெரியும். இதன் பொருளை எனக்குப் புரியவைத்தவர் இன்று பக்கத்திலேயே இருக்கிறார்.

இளம் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இலங்கையின் மலைத் தோட்டங்களில் இருந்த நம் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு அந்த நாடு குடியுரிமை கொடுப்பது என்று கணக்குப் போட்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து இந்த மலைக்கு வந்த குடும்பங்கள் எத்தனையோ. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசே தேயிலை நட ஆரம்பித்தது, 1976இல் அது டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகமானது. அம்மாவின் குடும்பத்துக்கு ஒரு தனியார் தோட்டத்தில் வேலை கிடைத்தது. ஒரு தகரப் பெட்டி, ஒரு குடும்ப அட்டை, மடியில் ஒரு குழந்தை. கூடப் பிறந்த தங்கை இலங்கையில், பதுளையிலேயே நின்றுவிட்டார். ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் ஒருத்தி அந்தக் கணக்கில், ஒருத்தி இந்தக் கணக்கில்.

சரி, படிப்புக்கு வருகிறேன். தங்கையிடமிருந்து கடிதம் வரும். அம்மாவுக்கு அன்று எழுத்து தெரியாது. கடைக்கார அண்ணன்தான் படித்துச் சொல்வார். நல்ல மனிதர், ஆனால் குரல் பெரிசு. மண்ணெண்ணெய் வாங்க வந்தவர், பீடி வாங்க வந்தவர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் அவருக்குப் படிக்கத் தெரியும். இப்படி இருபது வருஷம் அம்மாவின் குடும்பச் சேதி ஊர்ச் சேதியாக இருந்தது.

ஒருநாள் கடிதம் வந்தது. அண்ணன் படிக்கிறார். 'அன்புள்ள அக்காவுக்கு, இங்கே அனைவரும் நலம், அங்கே உங்கள் நலமறிய ஆவல். அத்தான் நலமா, பிள்ளைகள் நலமா. அப்புறம், உன் மாமியார் இன்னும் கருவாட்டை எண்ணித்தான் சட்டியில் போடுகிறாரா?'

மாமியார் அங்கேதான் நிற்கிறார். கையில் பை. பைக்குள் கருவாடு!

சிரிக்கிறீர்கள். அன்று கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை, சிரிக்கத் தைரியம் இல்லை. மூன்று நாள் அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் முகம் பார்த்துப் பேசவில்லை. அம்மா அழுதாராம், தங்கை எழுதியதற்காக இல்லை, தனக்கென்று ஒரு சொல்கூட மிச்சமில்லையே என்று. நாலாம் நாள் மாமியார்தான் வாயைத் திறந்தார். 'லைன்ல ராத்திரிப் பள்ளிக்கூடம் போடறாங்களாம். நீ போய்ப் படி. என் கருவாட்டுக் கணக்கு இனிமே ஊருக்குத் தெரிய வேண்டாம்.' அந்தப் பெரிய மனுஷி இன்று இல்லை. இருந்திருந்தால் முதல் மாலையை அவருக்குத்தான் போட்டிருப்பேன்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம், பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்கும் அறிவொளி இயக்கம் மாவட்டம் மாவட்டமாகப் பரவிய காலம். நான் வேலை தேடிக்கொண்டிருந்த பையன், தொண்டராகச் சேர்ந்தேன். அரிக்கேன் விளக்கடியில் என் முன்னால் வந்து உட்கார்ந்தார் நாற்பதைத் தாண்டிய இந்த அம்மா. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள், நகத்தோரம் வெடிப்பு. பென்சிலைக் கொழுந்து கிள்ளுகிற மாதிரி இரண்டு விரலால்தான் பிடிப்பார். எழுதும்போது பென்சில் வழுக்கும். 'தம்பி, இது செடியா இருந்தா இந்நேரம் பத்துக் கிலோ எடுத்திருப்பேன்' என்பார். பழைய கொழுந்துச் சீட்டுகளின் பின்பக்கம் முழுக்க அ, ஆ. 'ழ' மட்டும் ஒரு வாரம் படாதபாடு படுத்தியது. அடி மேல் அடி.

பிறகு ஒரு கடிதம், சொந்தக் கையால். எழுதி முடிக்க மூன்று வாரம். ஒவ்வொரு எழுத்தும் காயப்போட்ட மிளகாய் வற்றல் மாதிரி பக்கத்துக்கு ஒன்றாய்த் திரும்பிக் கிடக்கும். பதுளைக்குப் போனது. பதில் வந்தது. அம்மா தானே எழுத்துக் கூட்டிப் படித்தார். தங்கை எழுதியிருந்தார்: 'கடிதம் எழுதிக் கொடுத்தவருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.'

நம்பவில்லை, பாருங்கள். அம்மா விடுவாரா? மறுபடி உட்கார்ந்தார். 'சின்ன வயசில் கங்காணி வீட்டுக் கொய்யாவை நாம் இரண்டு பேரும் திருடினோமே, பழி யார் மேல் விழுந்தது என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். இதை இன்னொருத்தரிடம் சொல்லி எழுத வைப்பேனா?' அதற்கு வந்த பதிலை எனக்குக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. அது அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் உரிய கடிதம்.

இந்தக் கதையிலேயே எனக்கு நேரம் போய்விட்டது, தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்க்கிறார். உழைப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு மலை ஏறியவர்கள்தான் எதிரே பாதிப் பேர். தொண்டு என்றால், எத்தனை சாதிச் சான்றிதழ் விண்ணப்பம், எத்தனை முதியோர் உதவித்தொகை மனு அம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்தால் தெரியும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. அம்மா கடைசிப் பதினைந்து வருஷம் ஆயாவாக இருந்த இடம் நம் லைனின் பிள்ளைக் காப்பகம். இன்றும் அவர் வாயில் அது பதுளைத் தமிழில் 'பிள்ளைக் காம்பரா'தான். ஐம்பது பெண் தொழிலாளர்கள் இருந்தால் காப்பகம் வேண்டும் என்று சொன்ன 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தால் வந்த கட்டடம் அது. பகலில் தொட்டில், இரவில் அம்மா நடத்திய பாட வகுப்பு. இப்போது இளவட்டங்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள், பிள்ளைகள் குறைந்துபோனார்கள், கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. ஓடு இரண்டு உடைந்திருக்கிறது, சுவர் நன்றாக இருக்கிறது.

அதை ஒரு படிப்பகமாக்கித் தாருங்கள் என்று கேட்கிறேன். நூலகம் இருக்கிறதே என்பீர்கள். பஸ் ஏறிப் போக வேண்டும். வேலை முடிந்து, கொழுந்து நிறுத்து, வீடு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆறு மணிக்கு மேல் பாதையில் யானை நிற்கும் ஊரில் எந்தப் பெண் நூலகத்துக்குப் போவாள்? ஆகவே புத்தகம்தான் லைனுக்கு வர வேண்டும். முடியாத காரியமா? 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் புத்தகம் கொண்டுபோனார்கள். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள் பாடுபட்டு 1948இல் நம் சென்னை மாகாணத்துக்கு நூலகச் சட்டம் வந்தது, நாட்டிலேயே முன்னோடி. அந்தச் சட்டப்படி வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகக் கட்டுகிறோம். நூலகர் ஐயா, அந்தப் பத்துக் காசின் ஒரு துளியை இந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். நாற்காலியும் அலமாரியும் எங்கள் பொறுப்பு.

இதற்காக நாலு மனு கொடுத்தாகிவிட்டது. ஐந்தாவது மனு வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று மறுபடியும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மனுவை அம்மாவே தன் கையால் எழுதியிருக்கிறார். முதல் கையெழுத்தும் அவருடையது. போகும்போது எல்லோரும் போடுங்கள், கைநாட்டு வைப்பவர்களும் வையுங்கள். மை டப்பா இருக்கிறது.

இப்போது அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தத் தலைமையாசிரியை அவர்களை அழைக்கிறேன். சேரம்பாடி போகிறவர்கள் தனியாகக் கிளம்ப வேண்டாம், காவலர் தம்பிகளோடு சேர்ந்து போங்கள்.