சுமந்தவனும் சிப்பாய்தான்

நடுவர் ஐயா, அவையோரே, டர்பன் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

"படைச்சேவையின் பெருமை துப்பாக்கி ஏந்தியவருக்கா, சுமை தூக்கியவருக்கா?" தலைப்பு இது. மென்டி கப்பல்னு எங்க அணி வாயெடுத்ததும் எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டாரு: "மூட்டை தூக்குறவனுக்கெல்லாம் பதக்கம்னா, டர்பன் மார்க்கெட்ல பாதிப் பேர் பதக்கம் குத்திக்கிட்டுத்தான் திரியணும்." நல்லாக் கைதட்டுனீங்க. அண்ணே, அந்த மூட்டையையே நான் பிடிச்சுக்கிறேன்.

1917, பிப்ரவரி 21. முதல் உலகப் போர் நடந்துக்கிட்டிருந்த நேரம். விடியற்காலை அஞ்சு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி. இங்கிலாந்துக்குத் தெற்கே, வைட் தீவுப் பக்கம், கடல் மேல கட்டிப்பிடிச்ச பனிமூட்டம். கேப்டவுன்ல இருந்து பிரான்சுக்குப் போற மென்டி, 4,000 டன் சொச்சம். உள்ளே 800 பேருக்கு மேல நம்ம தென்னாப்பிரிக்க நாட்டுக் கறுப்பினத் தொழிலாளர் படை. பனிமூட்டத்துல கப்பல் ஓட்ட அன்னிக்கே சட்டம் இருந்துச்சு: வேகத்தைக் குறைக்கணும், ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது நீளமா ஊதணும். மென்டி வேகத்தைக் குறைச்சுச்சு, ஊதுச்சு. எதிர்ல வந்தது டாரோ, 11,000 டன்னுக்கு மேல. வேகத்தைக் குறைச்சதா? இல்லை. ஊதுச்சா? இல்லவே இல்லை! மறுபடி சொல்றேன், மனசுல ஏத்திக்குங்க: சின்னக் கப்பல் ஊதிக்கிட்டே போகுது, பெரிய கப்பல் ஊதாம பாயுது. மென்டியோட வலப்பக்கத்துல நேர் குறுக்கா இடிச்சுது. அடித்தளத்துல தூங்கிக்கிட்டிருந்தவங்க மேல நேரா கடல்.

கப்பல் சாய்ஞ்சுட்டா படகு இருந்தும் பிரயோசனம் இல்லீங்க. உயர்ந்த பக்கத்துப் படகு கப்பலோட வயித்துல உரசி மாட்டிக்கும், இறங்காது. அரை மணி நேரத்துக்குள்ள மென்டி முழுகிடுச்சு. மிதவை உடுப்பு மாட்டியிருந்தவங்களும் குளிர்ல விறைச்சே செத்தாங்க. டாரோ பக்கத்துலதான் நின்னுச்சு. காப்பாத்த ஒரு படகு இறக்கலை. மொத்தம் 646 உயிர். டாரோ கேப்டனுக்கு என்ன தண்டனை? ஒரு வருஷம் உரிமம் ரத்து!

அந்தச் சாய்ஞ்ச தளத்துல ஐசக் வவுச்சோப் டியோபாங்கிற போதகர் எல்லாரையும் ஒண்ணு கூட்டி, பயப்படாதீங்க, நாம வீரர்களாச் சாவோம்னு சொன்னதாவும், செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலோட ஆடுனதாவும் அந்த மக்கள் வழிவழியாச் சொல்லிக்கிட்டு வர்றாங்க. அண்ணே, அந்தக் கையில துப்பாக்கி எங்கே? கறுப்பினத்தவர் கையில ஆயுதம் தரக்கூடாதுன்னு அன்னைய அரசே முடிவு பண்ணியிருந்துச்சு. கொடுக்காம வச்சுட்டு, இல்லையேன்னு கேலி பண்றது நியாயமா?

செய்தி வந்தப்ப பிரதமர் போத்தாவும் நாடாளுமன்றமும் எழுந்து நின்னாங்க. பதக்கம் மட்டும் வரலை. பக்கத்து பசூட்டோலாந்துல, அதாவது இன்னைய லெசோத்தோவுல இருந்து அதே வேலைக்குப் போனவனுக்குப் பதக்கம். நம்ம நாட்டுக்காரனுக்கு இல்லை.

இப்ப மூட்டைக்கு வர்றேன். பிரிட்டிஷ்காரங்களுக்கும் போயர்கள்ங்கிற டச்சு வம்சத்து வெள்ளைக்காரங்களுக்கும் போர் நடந்தப்ப, 1899 டிசம்பர்ல நேட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படை எழுந்துச்சு. 1,100 பேர். ஏறக்குறைய 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். அதுல நம்ம தமிழ் ஆளுங்களும் உண்டு. கொலென்சோ, ஸ்பியான் காப் போர்க்களங்கள்ல அடிபட்டவங்களைச் சுமந்து ஒரு நாளைக்கு 20, 25 மைல் நடந்தாங்க. குண்டு விழுற எல்லைக்குள்ள வரணும்னு படையில சேர்ந்த நிபந்தனையில இல்லை, கேட்டதும் போனாங்க.

ஸ்ட்ரெச்சர் தூக்குறது லேசுன்னு நினைச்சுடாதீங்க. முன்னாடி போறவன் இடது காலை வச்சா, பின்னாடி வர்றவன் வலது காலை வைக்கணும். ரெண்டு பேரும் ஒரே காலை எடுத்தா துணி ஊஞ்சலா ஆடும், முறிஞ்ச எலும்பு ஒண்ணோட ஒண்ணு உரசும், நின்ன ரத்தம் திரும்பப் பீறிடும். மேடு ஏறும்போது தலைப்பக்கம் முன்னாடி, இறங்கும்போது கால்பக்கம் முன்னாடி, தலை தாழக்கூடாது. மூட்டையைத் தொப்புன்னு போட்டுட்டு மூச்சு வாங்கலாம் அண்ணே. உயிரோட இருக்கிறவனை எங்கே போடுவீங்க?

அந்தப் படையில பதக்கம் தலைவர்களுக்குத்தான் வந்துச்சு. தோள் காய்ச்சுப் போன 800 பேருக்கு? கப்பல் இறங்கும்போதே அரசு குத்துன நம்பர் மட்டும். அவங்க நம்ம தாத்தாக்கள், நம்ம கொள்ளுத் தாத்தாக்கள். பெத்த தாய்க்கு ஊர்ல ஒரு கடுதாசி கூடப் போயிருக்காது. இங்கே உக்காந்திருக்கிற எத்தனையோ பேரோட ரத்தம் அது.

மென்டி கப்பலோட மணியை 2018ல பிரிட்டன் நம்ம நாட்டுக்குத் திரும்பக் கொடுத்துடுச்சு. பிப்ரவரி 21 இன்னிக்கு நம்ம நாட்டோட படைகள் நாள். உலகத் தாய்மொழி நாளும் அதுதான். நம்ம தமிழ்ப் பள்ளிகள்ல அன்னிக்குப் பிள்ளைங்க மேடை ஏறுவாங்க. நடுவர் ஐயா, தீர்ப்பு உங்க இஷ்டம். விழாக்குழுவுக்கு ஒரு விண்ணப்பம்: வர்ற பிப்ரவரியில அந்தப் பிள்ளைங்க கையில மென்டி வீரர்களோட பெயர்ப் பட்டியலைக் கொடுங்க, சத்தமா வாசிக்கட்டும். ஸ்ட்ரெச்சர் தூக்குன நம்ம ஆளுங்க பேர் யார் வீட்டுப் பழைய காகிதத்துல இருந்தாலும், அதையும் எடுத்துக்கிட்டு வாங்க. நன்றி, வணக்கம்.