சேர்ந்து அழுதவர்களும் தாளைப் பிடுங்கியவளும்

நடுவர் அவர்களே, எதிரணி அன்பர்களே, பினாங்குத் தமிழ் மக்களே, வணக்கம்.

இரண்டு பெண்பிள்ளைகளின் நட்பைச் சொல்லும் இளையோர் நாவலுக்கு உயிர் கொடுப்பது ஒத்த இயல்பா, மாறுபட்ட இயல்பா? மாறுபட்ட இயல்பே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய அம்மையார், "புணர்ச்சி பழகுதல் வேண்டா உணர்ச்சிதான் நட்பாங் கிழமை தரும்" என்ற குறளை எடுத்துவைத்தார். உணர்ச்சி ஒத்தவர்களே தோழிகள், ஒவ்வாத இருவரை ஒரே கதையில் அடைத்தால் சண்டைதான் மிஞ்சும் என்றார்.

அந்தக் குறளுக்குப் பரிமேலழகர் யாரைச் சான்று காட்டுகிறார் என்பதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் காட்டுகிறார். ஒருவர் சோழ நாட்டு அரசர், மற்றவர் பாண்டிய நாட்டுப் புலவர். நாடு வேறு, நிலை வேறு, வாழ்ந்த வாழ்க்கை வேறு. மனம் ஒத்தது, இயல்பு ஒத்தது என்ற இரண்டையும் அம்மையார் ஒன்றாக்கிவிட்டார். அதே அதிகாரத்தில் ஒரு குறள் முன்னே போனால், "நகுதற் பொருட்டன்று நட்டல்" என்று வள்ளுவர் தொடங்குகிறார். எல்லை மீறும்போது இடித்துரைப்பதற்காக நட்பு என்கிறார். நான் இடறும் இடத்திலேயே இடறுகிறவள் என்னை எப்படி இடித்துரைப்பாள்?

நாவலுக்கே வருகிறேன். கனடாவின் எல். எம். மாண்ட்கோமரி 1908இல் வெளியிட்ட 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' இன்றும் உலகெங்கும் சிறுமிகள் படிக்கும் கதை. ஆன் அநாதை, ஆண் பிள்ளை கேட்டவர்கள் வீட்டுக்குத் தவறுதலாக வந்து சேர்ந்தவள், வாய் ஓயாமல் கனவு காண்கிறவள். டயானா வசதியான வீட்டுப் பெண். கற்பனை அவளுக்கு அவ்வளவாக வராது. பழரசம் என்று நினைத்து ஆன் கொடுத்தது மதுவாகிப்போக, டயானாவின் தாய் இருவரையும் பிரித்துவிடுகிறார்.

பிறகு ஒரு குளிர்கால இரவு. பெற்றோர் ஊரில் இல்லை. டயானாவின் குட்டித் தங்கைக்குத் தொண்டை அடைத்து மூச்சுத் திணறுகிறது. டயானா அழுதுகொண்டு ஓடி வருகிறாள். ஆன் அழவில்லை. மருந்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போகிறாள். முன்பு வேறொரு வீட்டில் மூன்று இரட்டையர்களை, ஆறு பிள்ளைகளை, வளர்க்க உதவியவள் அவள். இந்த நோயைப் பலமுறை பார்த்தவள். மருத்துவர் வந்து சேர்வதற்குள் குழந்தை பிழைத்துவிட்டது. டயானாவைப் போலவே ஆனும் செல்லமாக வளர்ந்திருந்தால் அந்த இரவில் என்ன நடந்திருக்கும்? இருவருமாகச் சேர்ந்து அழுதிருப்பார்கள்! வறுமை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததை, வசதி டயானாவுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அந்த வேறுபாட்டில்தான் ஒரு குழந்தையின் உயிர் இருந்தது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் கண்டவள் அல்லள். செபராங் பிறையின் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது, மலாய்மொழித் தேர்ச்சி போதாமல் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் சீனப்பள்ளியிலிருந்து வந்த ஒருத்தி. எங்களுக்குப் பொதுவாக இருந்தது மலாய் ஒன்றுதான். அதுவும் இருவருக்கும் நொண்டியது. ஒரு கணிதத் தேர்வில் நான் தோற்றேன். தோட்டத்துத் தோழிகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்கள் அன்பை இன்றும் மறக்கவில்லை. அவளோ தாளைப் பிடுங்கி, சிவப்புப் பென்சிலால் ஒரே இடத்தில் கோடு போட்டாள். பின்னங்களைக் கூட்டும்போதெல்லாம் நான் அதே தவறைச் செய்திருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பின்னம் எனக்கு வந்துவிட்டது. நம் மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளுக்காக எழுதுகிறவர்கள் இந்தப் புகுமுக வகுப்பு மேசையை ஏன் இன்னும் நிறைய எழுதவில்லை என்பது என் நெடுநாள் ஏக்கம்.

சண்டைதான் மிஞ்சும் என்ற அம்மையாருக்கு ஒரே பதில், சிலப்பதிகாரம். கணவனைப் பிரிந்த கண்ணகியிடம் தோழி தேவந்தி, சோமகுண்டம் சூரியகுண்டத்தில் நீராடிக் காமவேள் கோட்டம் தொழுதால் கணவனோடு கூடலாம் என்கிறாள். வழிபாட்டை நம்பியவள் தேவந்தி. கண்ணகி "பீடன்று", அது பெருமையாகாது என்று சொல்லி முடித்துவிடுகிறாள். நடுவர் அவர்களே, இவ்வளவு கடுமையான மறுப்புக்குப் பிறகு தேவந்தி என்ன ஆனாள் என்று பாருங்கள். மதுரை எரிந்து, எல்லாம் முடிந்தபின், சேரர் தலைநகர் வஞ்சிக்கு வந்து தோழியின் கோயிலில் நின்று அரற்றுகிறாள். அந்தக் கண்ணகிக்குப் பூவும் புகையும் படைத்து வழிபாடு செய்யும்படி சேரன் செங்குட்டுவன் பணித்தது அந்தத் தேவந்தியைத்தான்.