பள்ளி கம்ப்யூட்டர் லேபில் இசை: எந்த மென்பொருளில் தொடங்கலாம்?

அடுத்த கேள்வி எட்டாம் வகுப்பு எடுக்கும் ஓர் ஆசிரியையிடமிருந்து. "லேபில் பத்து பழைய கம்ப்யூட்டர்கள், நெட் வரும், போகும், பீரியட் நாற்பது நிமிடம், மென்பொருள் வாங்கப் பணம் கிடையாது. பிள்ளைகளை இசை செய்ய வைக்க எதைப் போடலாம்?" என்று கேட்டிருக்கிறார்.

ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளைப் போடுங்கள். முதல் மாதம் அது மட்டும் போதும். எல்எம்எம்எஸ் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் கட்டற்ற மென்பொருள், நல்ல மென்பொருள்தான். ஆனால் திறந்ததும் பாட்டுக்கு ஒரு ஜன்னல், தாளத்துக்கு ஒன்று, மிக்சருக்கு ஒன்று என்று விரியும், எதைத் தொடுவது என்று புரிவதற்குள் மணி அடித்துவிடும். ஆடாசிட்டியில் சிவப்பு பொத்தானை அழுத்தினால் பதிவாகிறது, அவ்வளவுதான். டிபன் பாக்ஸைத் தட்டச் சொல்லுங்கள், இரண்டு விநாடி பதிந்து, எஃபெக்டில் ரிப்பீட் கொடுத்தால் தாளம் வந்துவிடும், அதன் மேல் இன்னொரு டிராக்கில் ஒரு பிள்ளை பாடலாம்.

ஒன்றை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சேவ் கொடுத்தால் வருவது ஏயுபி3 என்ற கோப்பு, அது ஆடாசிட்டியில்தான் திறக்கும். பிள்ளை ஆசையாக வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவின் போனில் போட்டால் ஓடாது, முகம் வாடிவிடும். எக்ஸ்போர்ட் கொடுத்து எம்பி3 ஆக எடுக்க வேண்டும்.

அடுத்த மாதம் சோனிக் பை, கட்டளைகளை எழுதி இசை செய்யும் மென்பொருள். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சாம் ஆரன் என்பவர் 2012 வாக்கில் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே உருவாக்கத் தொடங்கியது. நிறுவிய பிறகு நெட் தேவையில்லை. பிளே 60 (play 60) என்று எழுதினால் ஸ, அடுத்த வரியில் ஸ்லீப் 0.5 (sleep 0.5) என்றால் அரை விநாடி இடைவெளி. இப்படி 60, 61, 64, 65, 67, 68, 71, 72 என்று வரிசையாக எழுதி ஓட்டிப் பாருங்கள், பாட்டு கிளாஸில் சரளி வரிசை தொடங்கும் அதே மாயாமாளவகௌளை ராகம் ஏறும். இப்போது 65-ஐ 66 ஆக்குங்கள். மத்யமம், அதாவது ம, ஒன்றுதான் மாறியது, ஆனால் அது பந்துவராளி ராகத்தின் ஸ்வரங்கள் ஆகிவிட்டது! ஒரு எண்ணை மாற்றினால் முழு நிறமும் மாறுகிறது என்பதைப் பிள்ளை தன் காதாலேயே கேட்கும், இதை நான் போர்டில் எத்தனை முறை எழுதிக் காட்டினாலும் அந்த அளவுக்குப் புரியாது. கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, இப்படி எழுதினால் வராது, தட்டையான ஸ்வரம்தான். அதற்குப் பாட்டு டீச்சரை லேபுக்குக் கூட்டி வாருங்கள், அவர் ஒரு முறை பாடிக் காட்டட்டும்.

சோனிக் பையின் புதிய பதிப்பு பழைய கம்ப்யூட்டரில் ஏறாமல் போகலாம், முதலில் ஒன்றில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றில் போடுங்கள்.

அப்புறம் இலவசம் என்பதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. இந்த இரண்டையும் யாருக்கு வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுக்க உரிமமே அனுமதிக்கிறது. நீங்கள் ஒரு முறை இறக்கி பென் டிரைவில் வைத்தால் பத்து கம்ப்யூட்டருக்கும் அதிலிருந்தே போடலாம், அண்ணன் லேப்டாப் வைத்திருக்கும் பிள்ளை வீட்டுக்கும் கொண்டு போகலாம். திருட்டு நகல் என்ற பேச்சே இல்லை.

ஹெட்போனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சின்ன ஜாக் மொபைல் கடையிலேயே கிடைக்கும், கம்ப்யூட்டருக்கு இரண்டு பேராக உட்கார வையுங்கள்.