கடி அடங்கினாலும் தடிப்பு ஏன் போவதில்லை?

நேயர்களுக்கு வணக்கம். காலபோக வயலில் பொழுதுபடும்வரை நின்றவர்களின் கெண்டைக்காலைப் பார்த்தால், நுளம்பு குத்திய புதுத் தடிப்புகளுக்கு நடுவே பழைய இடமொன்று கறுத்து, வரியோடி, தொட்டால் சொரசொரப்பாக இருப்பதைக் காணலாம். கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் பலர் இதற்குப் பிரிட்டோன் குளுசை போடுகிறார்கள். கடி, அதாவது அரிப்பு, அடங்குகிறது, தடித்த தோல் அப்படியே இருக்கிறது. அதற்கான காரணத்தில் ஒரு பங்கு, அக்குளுசை தடுக்கும் ஹிஸ்டமின் என்னும் உடற்பொருளைச் சார்ந்தது.

உணவுப் புரதத்திலுள்ள ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து உடலே ஹிஸ்டமினை ஆக்கிக்கொள்கிறது. உட்டோலிலுள்ள மாஸ்ட் கலங்கள் அதைச் சிறுமணிகளில் சேர்த்து வைத்திருந்து, நுளம்பின் உமிழ்நீர் பட்டதும் கொட்டிவிடுகின்றன. 1910இல் ஆய்வாளர்களான ஹென்றி டேலும் லெயிட்லோவும் இப்பொருளின் செயல்களை விவரித்த காலந்தொட்டு, தோலில் குருதிக்குழாயை விரிப்பதும் நரம்பைத் தூண்டிக் கடியை எழுப்புவதுமே அதன் தொழிலென்று நெடுநாள் பேசப்பட்டது. தோற்கலங்களோடும் அதற்கு உறவுண்டு என்பது பின்னர்தான் தெளிவானது. மேற்றோற் கலங்கள் தாமே சிறிதளவு ஹிஸ்டமினை ஆக்கவும் வல்லவை.

மேற்றோலின் அடியடுக்கில் பிரிந்து உண்டாகும் கலம், ஏறத்தாழ ஒரு மாதத்தில் மேலே நகர்ந்து, வழியில் கெரட்டின், லோரிகிரின், பிலாகிரின் ஆகிய புரதங்களை நிரப்பிக்கொண்டு, இறுதியில் தட்டையாகிச் செத்து, நீரை உள்ளே காத்து அழுக்கை வெளியே நிறுத்தும் காப்பாகிறது. ஆய்வுகூடத்தில் வளர்த்த மனிதத் தோற்கலங்களுக்கு ஹிஸ்டமின் கொடுத்தபோது, கலத்தில் ஹிஸ்டமினைப் பற்றிக்கொள்ளும் வாங்கிகளுள் ஒன்றான எச்1 வாங்கியின் வழியாக இப்புரதங்கள் குறைந்தன, கலங்களுக்கிடையிலான பிணைப்பும் தளர்ந்தது. இன்னொன்றான எச்4 வாங்கி தூண்டப்பட்டபோதோ கலங்கள் கூடுதலாகப் பெருகின. பெருகுவது வேறு, முதிர்வது வேறு: பயிர் நெருங்கி நின்றும் கதிர் பால் பிடிக்காத வயலின் நிலைதான் இது. காப்புக் குறைந்த தோல் காய்கிறது, காய்ந்த தோல் மீண்டும் கடிக்கிறது, கடித்தால் கை சும்மா இருப்பதில்லை. தோலைத் தடிக்கவைப்பதில் சொறிதலுக்கே முதலிடம் என்பது என் கருத்து. ஹிஸ்டமின் அதற்குக் கூட்டாளி.

இருந்தும் அதை வெறும் பகையாகக் கொள்ளக்கூடாது. ஹிஸ்டமினை ஆக்கும் நொதியம் இல்லாத எலிகளில் காயம் பிந்தியே ஆறியது, வெளியிலிருந்து கொடுத்தபோது ஆறுதல் விரைந்தது.

ஆகவே பழைய தடிப்புக்குக் குளுசை மட்டும் போதாது. குளித்து ஈரம் காயுமுன் வாசலினைப் பூசி, நகத்தை ஒட்ட வெட்டி, மாலையில் கால்களை மூடும் உடை அணிந்தால் தோல் தன் ஒரு மாத வேலையைச் செய்ய இடம் கிடைக்கும். அப்படியும் மாறாவிட்டால், கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீரொயிட் களிம்பைத் தொடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். பிரிட்டோன் தூக்கத்தைத் தரும். அதைப் போட்டுக்கொண்டு உழவு இயந்திரத்தில் ஏறாதீர்கள்.