சீழில் பிறந்த நீலம்

நேயர்களுக்கு வணக்கம். கடலூர்க் கல்லூரி ஒன்றில் பல்லாண்டுகள் நுண்ணுயிரியல் கற்பித்தவன் நான். புதிய மாணவர்களுக்கு ஒரு காட்சியைத் தவறாமல் காட்டுவேன். சூடோமோனாஸ் எருஜினோசா என்ற பாக்டீரியா வளர்ந்த, பஞ்சடைத்த சோதனைக்குழாயை முதல் நாள் மாலையே தாங்கியில் அசையாமல் நிறுத்தி வைப்போம். மறுநாள் காலையில் குழாயின் மேல்விளிம்பில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு நீலப்பச்சை நிறம் இருக்கும். அதற்குக் கீழே நீர்த்த மோர் போல வெளிறிக் கிடக்கும். குழாயை நான்கு முறை குலுக்கினால் நீலம் அடிவரை பரவும். திரும்ப நிறுத்தி வைத்தால் கீழிருந்து நிறம் மங்கத் தொடங்கும்.

இந்த நீலத்தின் பெயர் பயோசயனின். ஃபினசீன் என்னும் சேர்மக் குடும்பத்தில் மிகவும் அறியப்பட்டது இதுதான். கிரேக்கத்தில் 'பயோ' என்றால் சீழ், 'சயனோஸ்' என்றால் நீலம். தமிழில் சீழ்நீலம் என்றே சொல்லிவிடலாம். புண்ணுக்குக் கட்டிய துணிகளில் படிந்த நீலக்கறையிலிருந்து ஃபோர்தோஸ் என்ற பிரெஞ்சு வேதியியலர் 1860 வாக்கில் இதைப் பிரித்தெடுத்தார். கறைக்குக் காரணமான கிருமியை 1882-இல் இனங்கண்டவர் ஜெஸ்ஸார் என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர். நிறம் முதலில் அகப்பட்டது, அதை உண்டாக்கிய உயிர் இருபது ஆண்டுகள் கழித்தே அகப்பட்டது.

ஃபினசீனின் அமைப்பு எளியது. மூன்று அறுகோண வளையங்கள் பக்கச்சுவர் பகிர்ந்து வரிசையாக ஒட்டி நிற்கின்றன. நடு வளையத்தில் மட்டும் எதிரெதிராக இரண்டு நைட்ரஜன் அணுக்கள். பன்னிரண்டு கார்பன், எட்டு ஹைட்ரஜன், இரண்டு நைட்ரஜன், அவ்வளவே. அந்த இரு நைட்ரஜன்களும் எலக்ட்ரான்களை எளிதில் வாங்கி, எளிதில் கொடுத்துவிடுகின்றன. குழாயின் அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோனதும் பாக்டீரியா தன்னிடம் மிஞ்சிய எலக்ட்ரான்களைப் பயோசயனினிடம் ஒப்படைக்கிறது; அப்போது அது நிறமிழக்கிறது. குலுக்கும்போது கரையும் ஆக்சிஜன் அவற்றைப் பெற்றுக்கொள்ள, நீலம் மீள்கிறது. நீங்கள் கண்ணால் காணும் நிறமாற்றம் முழுவதும் இந்தக் கொடுக்கல் வாங்கலின் கணக்குதான்.

பாக்டீரியாவுக்கு இதனால் என்ன பயன்? பாக்டீரியாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் படலமாக வாழும்போது அடியில் இருப்பவைக்கு மூச்சுமுட்டும். அங்கிருந்து எலக்ட்ரான்களைச் சுமந்து மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பும் கூலியாளாக ஃபினசீன் உழைக்கிறது. ஆனால் எலக்ட்ரானைப் பெற்ற ஆக்சிஜன் சாதுவாக இருப்பதில்லை. சூப்பர் ஆக்சைடாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மாறி, அருகிலுள்ள பிற உயிரணுக்களைத் தாக்குகிறது. தீப்புண்ணிலும், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபுவழி நோய் உள்ளவர்களின் நுரையீரலிலும் இந்தக் கிருமி விளைவிக்கும் சேதத்தில் சீழ்நீலத்துக்குப் பங்குண்டு. தயாரித்த கிருமி மட்டும் அந்த நஞ்சைத் தாங்கும் ஏற்பாடுகளை வைத்திருக்கிறது.

இதைக் கேட்கும் உழவர் ஒருவர், நெல் விதையை நேர்த்தி செய்யக் கிலோவுக்குப் பத்து கிராம் வீதம் கலந்து ஊறவைக்கும் சூடோமோனாஸ் பொடியும் இதுதானா என்று திடுக்கிடக்கூடும். அச்சம் வேண்டாம். பொடியில் இருப்பது ஃபுளோரசன்ஸ் என்ற வேறு இனம். பேரினப் பெயர் மட்டுமே பொது. மண்ணில் வாழும் சூடோமோனாஸ் வகைகளுள் சில, ஃபினசீன்-1-கார்பாக்சிலிக் அமிலம் என்ற மஞ்சள் நிறச் சேர்மத்தைச் சுரந்து வேரைச் சுற்றியுள்ள பூஞ்சைகளை அடக்குகின்றன. இது ஊகமன்று. அமெரிக்காவில் கோதுமை வேரழுகலை வைத்து 1988-இல் வெளியான ஆய்வில், ஃபினசீன் செய்யும் திறனை இழந்த பாக்டீரியாக்களுக்கு நோயை அடக்கும் ஆற்றலும் பெரிதும் குறைந்தது. மரபணுவைத் திருப்பிக் கொடுத்ததும் ஆற்றல் திரும்பியது. சீனத்தில் இதே அமிலம் நெல்லின் இலையுறைக் கருகலுக்கு எதிரான மருந்தாக 2011-இல் பதிவு பெற்றது.

சாயத் தொழிலுக்கும் இக்குடும்பம் பழையது. 1856-இல் பெர்கின் என்ற பதினெட்டு வயது ஆங்கிலேய மாணவர் தற்செயலாகக் கண்டெடுத்த ஊதாச் சாயமும், பாக்டீரியாக்களை வகைபிரிக்க உதவும் 'கிராம்' சாயமேற்றலில் நாங்கள் ஊற்றும் சஃப்ரனினும் ஃபினசீன் வளையங்களைக் கொண்டவையே. சூடோமோனாஸை நுண்ணோக்கியில் இளஞ்சிவப்பாகக் காட்டுவது அதன் சொந்தச் சரக்குக்கு உறவான சாயம்தான் என்பதை மாணவர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். அண்மையில், நீரில் கரையும் ஃபினசீன்களைக் கொண்டு சூரிய மின்சாரத்தைச் சேமிக்கும் பாய்ம மின்கலங்களையும் சோதித்துவருகிறார்கள்; மூலக்கூறு நாளடைவில் சிதையாமல் காப்பதுதான் அங்கே சிக்கல்.

என் பார்வையில் இக்குடும்பத்தின் மிகப் பெரிய கொடை குளோஃபாசிமின் என்ற மருந்து. அயர்லாந்தின் டப்ளினில் வின்சென்ட் பாரி என்ற வேதியியலரின் குழுவினர் 1954-இல் இதைக் காசநோய்க்காகத் தயாரித்தனர். காசநோயில் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை, தொழுநோயில் கிட்டியது. உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்த கூட்டுமருந்து சிகிச்சையில் இடம்பெற்றது. பெரியவர்களுக்கு நாள்தோறும் 50 மில்லிகிராம், மாதம் ஒருமுறை மருத்துவப் பணியாளர் முன்னிலையில் 300 மில்லிகிராம். இப்போது மருந்துக்கு அடங்காத காசநோயிலும் இது சேர்க்கப்படுகிறது. தான் பிறந்த நோக்கத்துக்கே சுற்றி வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் சாயத்தின் குணம் மருந்திலும் போகவில்லை. குளோஃபாசிமின் கொழுப்பில் கரைந்து தோலில் தங்கும். தோல் செம்பழுப்பாகிப் பின் கருக்கும். எங்கள் தெருவில் தையல் வேலை செய்த அக்கா ஒருவர் சிகிச்சை தொடங்கிய மூன்றாம் மாதம் முகம் கறுத்துப்போனதைக் கண்டு, நோய் முற்றிவிட்டதென்று நினைத்து மாத்திரை அட்டையை அலமாரியின் அடியில் வைத்துவிட்டார். அக்கம்பக்கத்தார் கேட்ட கேள்விகள் அவரை இன்னும் குன்ற வைத்தன. ஆறு வாரம் கழித்து, நலப்பணியாளர் ஒருவர் வீடு தேடி வந்து, "இது நோயின் கறுப்பு இல்லைம்மா, மருந்தின் சாயம், நிறுத்தினா மெல்ல மெல்ல வெளுத்துடும்" என்று சொன்ன பிறகே அட்டையை மீண்டும் எடுத்தார். மருந்து முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆனபோது அவருடைய முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. முழங்கையில் மட்டும் சிறிது கறுப்பு எஞ்சியிருந்தது. அந்த ஒரு வாக்கியத்தை முதல் மாத்திரையோடு சேர்த்தே சொல்லியிருந்தால், அந்த ஆறு வாரம் வீணாகியிருக்காது.