லாவோஸ் போய்த் திரும்பினால் இன்னொரு 60 நாள் கிடைக்குமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மனதை விட்டுப் போகவே இல்லை. பொள்ளாச்சித் தம்பி ஒருவர் தாய்லாந்தில் சியாங் மாயிலிருந்து எழுதியிருக்கிறார். "அண்ணா, விசா இல்லாமல் வந்தேன், 60 நாளுக்கு சீல் குத்தினார்கள். முடியும் நேரத்தில் லாவோஸ் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்தால் மறுபடி 60 நாள் கிடைக்கும் என்கிறார்கள். இப்படியே ஒரு வருடம் ஓட்டலாமா?"

தம்பி, ஒரு தடவை கிடைக்கலாம். ஒரு வருடம் ஓட்ட முடியாது.

நம்முடைய பழைய நேயர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று இப்போதே தெரிந்திருக்கும். பாஸ்போர்ட்டை இமிக்ரேஷன் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். இந்தப் பக்கம் நிற்கும் நாம் நாட்களை எண்ணுகிறோம். அங்கே இருப்பவர் பக்கத்தைப் புரட்டுகிறார். 60 நாள் இருந்து, ஒரு நாள் வெளியே போய், மறுபடி 60 நாள் இருந்து, மறுபடி ஒரு நாள் வெளியே போயிருக்கிறார் ஒருவர். அவரை யாராவது சுற்றுலாப் பயணி என்பார்களா? இங்கேயே குடியிருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

இந்த 60 நாள் எப்படி வந்தது? 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 30 நாள் என்று ஆரம்பித்தார்கள். 2024 ஜூலை 15 முதல் 93 நாட்டினருக்கு 60 நாள் ஆக்கினார்கள். ஊர் சுற்ற வருகிறவர்கள் பெருக வேண்டும் என்பதற்காகத் திறந்த கதவு அது. அதற்கு முன்பே, 2016 கடைசி நாளிலிருந்து, விசா இல்லாமல் தரை வழியாக நுழைவதை ஒரு காலண்டர் ஆண்டுக்கு இரண்டு முறை என்று கட்டுப்படுத்திவிட்டார்கள். 2025 நவம்பரில் இமிக்ரேஷன் துறை இன்னும் இறுக்கியது. சரியான காரணம் இல்லாமல் இரண்டு முறைக்கு மேல் இப்படிப் போய்த் திரும்புகிறவர்களை உள்ளே விடமாட்டோம் என்று அறிவித்தார்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறுகிறவை. பயணத்துக்கு முன்னால் தூதரகத் தளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், என் வீடியோவை நம்பி மட்டும் கிளம்பாதீர்கள்.

தாய்லாந்தும் லாவோஸும் சந்திக்கும் நோங் காய் எல்லையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மேகாங் ஆற்றின் குறுக்கே 1994-இல் திறந்த நட்புப் பாலம் அங்கே இருக்கிறது. பாலத்தில் நடக்க விடமாட்டார்கள், பஸ்ஸில்தான் தாண்ட வேண்டும். நான் லாவோஸ் தலைநகர் வியந்தியானிலிருந்து திரும்பி வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் ஒரு நம்ம ஊர்ப் பையன். அதிகாரி பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே இருந்தார். லாவோஸ் விசா ஸ்டிக்கர் ஒரு முழுப் பக்கத்தை எடுத்துக்கொள்ளும். அந்தப் பையனின் பாஸ்போர்ட்டில் அது மூன்று பக்கம். எங்கே தங்குகிறாய், எவ்வளவு பணம் வைத்திருக்கிறாய், திரும்பிப் போக டிக்கெட் எங்கே என்று கேட்டார்கள். அவனிடம் எதற்கும் பதில் இல்லை. பாலத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். லாவோஸுக்குள் நுழைய மறுபடியும் விசாப் பணம் கட்ட வேண்டும். துணிமணி, லேப்டாப் எல்லாம் பாங்காக் அறையில். அந்தப் பையனின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தம்பியின் கேள்வியைப் படித்தபோது அந்த முகம்தான் வந்தது.

நாள் முடிந்தபின் அப்படியே இருந்துவிட்டால் என்ன என்றும் சிலர் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நாளுக்கு 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000 பாட். அபராதத்தோடு போகிற விஷயமும் இல்லை. அனுமதி முடிந்து 90 நாளைத் தாண்டிவிட்டு நீங்களாகவே விமான நிலையத்துக்குப் போனால்கூட ஒரு வருடத் தடை. வழியில் பிடிபட்டால் ஐந்து வருடம். இன்னொன்று, வந்திறங்கிய நாளும் கணக்கில் முதல் நாள். ராத்திரி 11 மணிக்கு இறங்கினாலும் அப்படித்தான்.

மகன், மகளைப் பார்க்க ஐரோப்பா போகும் அம்மா அப்பாக்களுக்கும் இதே குழப்பம். ஜெர்மனியில் 90 நாள் இருந்துவிட்டு, லண்டன் போய் ஒரு வாரம் இருந்து திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நினைக்கிறார்கள். தொடங்காது. ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே விசாவில் சுற்ற முடிகிற ஐரோப்பிய நாடுகளில், எந்த நாளில் நின்று பார்த்தாலும், பின்னோக்கி 180 நாளில் 90 நாளுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. அங்கே அதிகாரியின் மனதுக்கு வேலையே இல்லை, வெறும் கணக்கு. 2025 அக்டோபர் 12 முதல் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கணினியில் பதியத் தொடங்கிவிட்டார்கள்.

போய்த் திரும்புகிறவர்களை நம்ம நாடும் இப்படித் தடுத்திருக்கிறது. திருவண்ணாமலையில் என் அத்தை வீட்டு மாடியில் ஒரு வெள்ளைக்கார அம்மா குடியிருந்தார். காலையில் ஆசிரமம், மாலையில் கிரிவலம். விசா முடியும்போது கொழும்பு போய்த் திரும்புவார். 2009 கடைசியில் இந்தியா ஒரு விதி போட்டது, சுற்றுலா விசாவில் வந்து வெளியே போனால் இரண்டு மாதம் கழித்துத்தான் திரும்ப வரலாம் என்று. அந்த அம்மா இரண்டு மாதம் கொழும்பில் அறை எடுத்துத் தங்கினார். அத்தை தினமும் அவருடைய துளசிக்குத் தண்ணீர் ஊற்றினார். 2012-இல்தான் அதைத் தளர்த்தினார்கள். "மனசு இங்கே இருக்கு, உடம்பை எதுக்கு அனுப்புறாங்க?" என்று அத்தை கேட்பார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதனால், தம்பி, "எத்தனை தடவை போய்த் திரும்பலாம்" என்பதை விட்டுவிடுங்கள். "இந்த ஊரில் நான் யாராக இருக்கப் போகிறேன்" என்று நீங்கள் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். வெறும் ஆசைக்கு இன்னும் ஒரு மாதம் என்றால் எல்லைக்கே போக வேண்டாம். சியாங் மாய் இமிக்ரேஷன் அலுவலகத்தில் 1,900 பாட் கட்டி 30 நாள் நீட்டிக்க விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டு நிறுவனத்துக்கு லேப்டாப்பில் வேலை செய்கிறவர் என்றால், 2024-இல் வந்த டிடிவி (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) இருக்கிறது. ஐந்து வருடம் செல்லும், ஒவ்வொரு நுழைவுக்கும் 180 நாள். வங்கியில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும், தாய்லாந்துக்கு வெளியே இருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். 50 வயது தாண்டியவர்களுக்கு ஓய்வுக்கால விசா தனியாக உண்டு.

5 லட்சம் பாட் பெரிய தொகைதான், தெரியும். அது கையில் இல்லையென்றால், பொள்ளாச்சிக்கு வந்து நான்கைந்து மாதம் இருந்துவிட்டு, போக வர டிக்கெட்டோடு மறுபடி போங்கள். அந்தப் பாஸ்போர்ட்டைப் படிக்கிறவருக்கு அது சுற்றுலாப் பயணியின் பாஸ்போர்ட்டாகத் தெரியும்.

நீங்கள் அங்கே என்ன வேலை செய்கிறீர்கள், 60-ஆவது நாள் எந்தத் தேதி என்று மட்டும் எழுதி அனுப்புங்கள் தம்பி. அடுத்த வாரம் முதலில் அதைத்தான் எடுப்பேன்.